பதினைந்து மஞ்சள் சட்டைகள்

மாலை ஐந்து மணிக்கு மேல் பார்க் சர்க்கஸ் மைதானத்தில் நின்று பார்க்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு மூலையில் கிரிக்கெட், இன்னொரு மூலையில் கால்பந்து. இரண்டு ஆட்டங்களின் பந்துகளும் அவ்வப்போது எல்லை மாறிப் போய்விட்டு வருகின்றன. ஏழு சாலைகள் வந்து முட்டிக்கொள்ளும் சந்திப்பிலிருந்து ஹாரன் சத்தமும், உருளைக்கிழங்கு போட்ட கல்கத்தா பிரியாணியின் வாசனையும் சேர்ந்தே வருகின்றன. 2020 ஜனவரியில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த மைதானம் இது. துர்கா பூஜை சமயத்தில் கால் வைக்க முடியாது.

இதே மைதானத்தில் 1999 ஜூலை 2ஆம் தேதி, மழைக்காலத்து வெள்ளிக்கிழமையன்று, பதினைந்து பேர் மஞ்சள் நிற டீ ஷர்ட் அணிந்து கூடினார்கள். கல்கத்தாவிலிருந்தும், பங்களாதேஷ் எல்லையை ஒட்டிய போன்காவ், மலையூரான கர்சியாங் ஆகிய ஊர்களிலிருந்தும், பம்பாய், பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள். ஆணை நேசிக்கும் ஆண்கள் இந்த நாட்டிலும் உண்டு, நாங்கள்தான் அவர்கள் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இந்தியாவிலும் தெற்காசியாவிலும் இந்த வகையில் நடந்த முதல் நடை இதுதான் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மைதானத்தில் பந்து பொறுக்கும் பையன்களில் யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்க நியாயமில்லை. அதைச் சொல்லும் கல்லோ பலகையோ கண்ணில் படுவதில்லை.

நியூயார்க்கில் இதற்கெல்லாம் முகவரி உண்டு. கிரீனிச் வில்லேஜில் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் சோதனைக்கு வந்தபோது வாடிக்கையாளர்கள் திருப்பித் தாக்கினார்கள். அந்தக் கடையும் எதிரே உள்ள சின்னப் பூங்காவும் 2016இல் தேசிய நினைவுச் சின்னமாயின. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க் கரையில் இளஞ்சிவப்புக் கிரானைட்டில் முக்கோணங்கள் 1987 முதல் இருக்கின்றன. நாஜிகள் கொன்ற தன்பாலீர்ப்பாளர்களுக்காக பெர்லின் பூங்கா ஒன்றில் 2008இல் ஒரு கான்கிரீட் பாளம் எழுந்தது. கல்லில் வெட்டிவிட்டால் நிலைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2025 பிப்ரவரியில் ஸ்டோன்வால் நினைவிடத்தின் அரசாங்க இணையப் பக்கத்திலிருந்து திருநர்களைக் குறிக்கும் சொல் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. சண்டையில் முன்னால் நின்றவர்களில் அவர்களும் உண்டு.

கல்கத்தாவில் அப்படி ஒரு பேட்டை கிடையாது. சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ போலத் தனியாக வாடகைக்கு வீடு எடுத்து, தனியாகக் கடை நடத்தி, ஒரு தெருவையே தம்முடையதாக்கிக்கொள்ள இங்கே யாருக்கும் வாய்க்கவில்லை. அப்பா, அம்மா, பெரியப்பா, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கை என்று ஒரே கூரையின் கீழ் இருப்பவனுக்குப் பேட்டை ஏது? அவனுக்குக் கிடைத்தது ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு, ஒரு தபால் பை எண், நாடகக் கம்பெனியின் பச்சை அறை. ஆகவே இந்த ஊரில் அந்தச் சரித்திரத்தைப் பார்க்க விரும்புகிறவர் துண்டு துண்டாக நடந்து சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஆரம்பிக்கச் சரியான இடம் சௌரங்கி. பெங்கால் கிளப் பல காலம் இயங்கிய இடத்தில் ஒரு காலத்தில் தாமஸ் பாபிங்டன் மெக்காலே குடியிருந்தார். நம் ஊரில் ஆங்கிலக் கல்விக்காகத் திட்டு வாங்கும் அதே மெக்காலேதான். அவர் தலைமையிலான சட்டக் கமிஷன் கல்கத்தாவில் உட்கார்ந்து 1837இல் குற்றவியல் சட்டத்தின் நகலை முடித்தது. ‘இயற்கைக்கு மாறான’ இச்சை பற்றிய பிரிவுகள் அதில் இருந்தன. அதைப் பற்றி விவாதிப்பதே கூட ஒழுக்கக் கேடு என்பது போல மெக்காலே சுருக்கமாக முடித்துக்கொண்டார். நகல் 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தபோது அது 377ஆம் பிரிவு. சட்டம் எழுதப்பட்ட ஊரிலேயே அதை எதிர்த்த முதல் நடையும் நடந்தது. இதற்கு 162 வருடம் ஆயிற்று.

அந்த நடையை யோசித்தவர் ஓவைஸ் கான். ஸ்டோன்வால் சம்பவத்துக்கு முப்பது ஆண்டு நிறைகிறதே, நாமும் நடந்தால் என்ன என்று அவர் கேட்டபோது உற்சாகத்தைவிடத் தயக்கமே அதிகம் கிடைத்ததாம். வேலை போய்விடும், வீட்டில் தெரிந்துவிடும், போலீஸ் பிடித்துக்கொள்ளும். தயங்கியவர்களைக் கோழைகள் என்று சொல்ல இன்று யாருக்கும் உரிமை கிடையாது. பெயரிலும் அந்த எச்சரிக்கை தெரிகிறது: ‘பெருமை’ என்றோ ‘உரிமை’ என்றோ வைக்காமல், ‘நட்பு நடை’ என்று வைத்தார்கள். கோஷம் இல்லை, மேளம் இல்லை. மைதானத்தில் புறப்பட்டவர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாகப் போனார்கள். தொண்டு நிறுவனங்களையும் மாநில மனித உரிமை ஆணையத்தையும் பார்த்து, தங்களைப் பற்றிய பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு, திரும்ப ஒன்றுகூடிப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். நடந்தது அவ்வளவுதான். ஏதோ கூட்டுறவு சங்கத்துப் பிரதிநிதிகள் அதிகாரிகளைப் பார்த்துவிட்டு வந்தது போல.

நட்பு என்ற சொல் தமிழ் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கனமானது. முகம் பார்க்காமலே நட்புக் கொண்டு, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து உயிர்விட்ட பிசிராந்தையாரைப் புறநானூறு சொல்கிறது. இதையும் அதையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. அதை நட்பு என்றே அழைத்தார்கள், அதன் முன் ஊர் தலை வணங்கியது. கல்கத்தாவின் பதினைந்து பேரும் ஊர் மதிக்கும் சொல்லாகப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

இந்த நடைக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால், ஜூன் 20ஆம் தேதி, அதே ஊரில் மூன்று ஜோடிப் பெண்கள் சேர்ந்து ‘சாஃபோ’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படத்துக்கு எதிராகத் தியேட்டர்கள் உடைக்கப்பட்டு அரை வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார்கள். பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு ஏரிக்கரைப் பெஞ்சு கூடக் கிடையாது, வீட்டுத் தொலைபேசி மட்டும்தான். அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில். 2004 முதல் அவர்களுடைய ‘ஸ்வகண்டே’ பத்திரிகை கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தது. ‘சொந்தக் குரலில்’ என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். புத்தகக் கண்காட்சிக்கு அப்பா அம்மாவுடன் வரும் பெண் அந்த ஸ்டாலைக் கடந்து போகும்போது நடை தயங்குவதை அங்கே நின்றால் பார்க்க முடியும்.

நட்பு நடைக்கு முன்னால் ஒரு தபால் பை இருந்தது. 1993இல் தொடங்கி 2002 வரை இயங்கிய ‘கவுன்சல் கிளப்’ என்ற குழு, வீட்டு முகவரி கொடுக்க முடியாத காரணத்தால் தபால் பை எண்ணைத்தான் முகவரியாக வைத்திருந்தது. ‘பிரவர்த்தக்’ என்று ஒரு சின்னப் பத்திரிகையும் கொண்டுவந்தது. பெரிய பத்திரிகைகளில் அந்த எண் எப்போதாவது அச்சானால், அடுத்த சில வாரங்களுக்குக் கடிதங்கள் குவியும். பெரும்பாலும் சின்ன ஊர்க்காரர்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது, என்ன செய்ய? இது வியாதியா? மருந்து உண்டா? என்னைப் போல் இன்னொருவர் இருக்கிறாரா? தொண்டர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கையால் பதில் எழுதினார்கள். பதில் உறையின் மேல் எதுவும் தெரியக்கூடாது. பிரிப்பது யார் கையோ!

குழு கலைந்த பிறகும் அந்தக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும், 1999இல் நடந்த பதினைந்து பேரில் ஒருவருமான பவன் தால், அந்தச் சேகரத்தை வைத்துக் கிழக்கிந்தியாவின் 1990களைப் பற்றி எழுதிய நூலை 2020இல் கல்கத்தாவின் சீகல் நிறுவனம் வெளியிட்டது. இந்த ஊரில் நினைவுச் சின்னம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்டச் சொன்னால், அந்தக் கடிதக் கட்டுகளைத்தான் காட்ட வேண்டும். பெயரை முழுதாகப் போடத் துணியாதவர்களின் கையெழுத்து அது.

வடக்குக் கல்கத்தாவில் சித்பூர் சாலைக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. தாகூர் பிறந்த ஜொராசாங்கோ வீட்டுக்குத் திரும்பும் சந்தும், ஜாத்ரா கம்பெனிகளின் அலுவலகங்களும் இதே சாலையில்தான். ரத யாத்திரை அன்று புது சீசனுக்கு முன்பதிவு ஆரம்பமாகும். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளில் ‘ஸ்திரீ பார்ட்’ இருந்தது போல, ஜாத்ராவிலும் பெண் வேடம் ஆண்களுக்கே. ஔவையாராக நடித்த டி.கே.சண்முகத்துக்கு ஊரே ‘ஔவை’ என்ற பட்டத்தை ஒட்டவைத்து, அவரும் கடைசிவரை அதைப் பெருமையோடு சுமந்தார். கமலஹாசன் மாமி வேடத்துக்குக் கூட அந்தப் பெயரைத்தான் கடன் வாங்கினார்.

சித்பூரின் ராணி சபல் பாதுரி. (தமிழில் ‘சபலம்’ என்றால் முகம் சுளிக்கிறோம், வங்காளத்தில் அதே சமஸ்கிருதச் சொல்லுக்குத் துறுதுறுப்பு என்றுதான் அர்த்தம்.) தாயார் பிரபா தேவி மேடையில் பெயர் பெற்ற நடிகை. 1950களில் பதின் வயதில் ஜாத்ராவுக்கு வந்த மகன் ‘சபல் ராணி’ ஆனார். மகாராணிகளாகவும் பேகம்களாகவும் வலம் வந்தார், நல்ல சம்பளம் வாங்கினார். பிறகு நிஜப் பெண்கள் மேடைக்கு வந்தார்கள். அது நியாயமான மாற்றம்தான், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 1970களில் சபல் ராணிக்கு வேலை போய்விட்டது. கையேந்தாத குறையாகக் காலம் தள்ளியவர், அம்மை நோயின் தெய்வமான சீதளா தேவியாக வேடம் கட்டித் தெருவில் பாட்டும் கதையும் நடத்தினார். சீதளா வேறு யாருமல்ல, நம் மாரியம்மனின் வங்காளத்து அக்கா. நவீன் கிஷோர் 1999இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப் படத்தில், மேடைக்கு வெளியே தன் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் ஒளிக்காமல் பேசினார். நடை நடந்த அதே வருடம். மஞ்சள் சட்டை போடாத பதினாறாவது ஆள் என்று அவரைச் சொல்லலாம்.

சித்பூரிலிருந்து அதிக தூரமில்லாத ஜாய் மித்ரா தெருவில், 2015 துர்கா பூஜைக்கு ஒரு பேட்டை இளைஞர் சங்கம், பிரத்யய் என்ற திருநர் அமைப்போடு சேர்ந்து அர்த்தநாரீஸ்வர வடிவில் துர்கையை வைத்தது. ஒரு பாதிக்கு மீசை. குமார்துலியின் பெண் சிற்பி சீனா பால் செய்த சிலை. திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அதிசயமாகப் படாது. துர்கா பூஜை என்றால் தங்கள் வீட்டுக் கல்யாணம் போல நினைக்கும் ஊரில் அது சாதாரணக் காரியமில்லை. விஜயதசமி முடிந்ததும் துர்கைகளை ஆற்றில் கரைத்துவிடுவது இந்த ஊர் வழக்கம். சின்னம் பற்றிய கவலையே அங்கு கிடையாது.

தெற்கே, பிரின்ஸ் அன்வர் ஷா சாலைப் பக்கம் இந்திராணி பார்க். ரிதுபர்ணோ கோஷ் வாழ்ந்ததும், 2013 மே 30ஆம் தேதி காலையில் தூக்கத்திலேயே இறந்து கிடந்ததும் அங்குள்ள வீட்டில்தான். வயது 49. ‘உனிஷே ஏப்ரல்’, ‘சோக்கேர் பாலி’ எடுத்த இயக்குநர் என்ற அளவில் ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தலைமுடியை மழித்து, காதில் நகை, கண்ணில் மை, உடம்பில் ஆணுடையும் அல்லாத பெண்ணுடையும் அல்லாத உடை என்று அவர் மாறியபோது அதே ஊர் நமுட்டுச் சிரிப்பு சிரித்தது. தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களுக்கு அவர் குரலும் கை அசைவும் இலவச சரக்கு. அப்படி நக்கல் செய்து பிரபலமான ஒருவரைத் தன் சொந்த நிகழ்ச்சிக்கே அழைத்து உட்காரவைத்து, நீங்கள் கேலி செய்வது என்னை மட்டுமா, என்னைப் போல் நடக்கிற எத்தனை பேரை என்று கேட்கும் பொருளில் அவர் வாதாடியது, கல்கத்தாவில் இன்றும் பேசப்படுகிறது. குரலை உயர்த்தவில்லை. எதிரில் இருந்தவருக்கு வியர்த்ததென்னவோ உண்மை.

2010இல் கௌசிக் கங்குலி இயக்கிய ‘ஆரேக்டி பிரேமேர் கல்போ’ படத்தில் இளமைக்கால சபல் ராணியாக நடித்தது இதே ரிதுபர்ணோ. முதுமையில் சபல் பாதுரியாக வந்தது சபல் பாதுரியே. சித்பூரும் இந்திராணி பார்க்கும் ஒரே திரையில் சந்தித்துக்கொண்டன. இரண்டு வருடம் கழித்து, தாகூரின் ‘சித்ராங்கதா’வை எடுத்துக்கொண்டு, உடலை மாற்றிக்கொள்ள நினைக்கும் நடனக் கலைஞராக ரிதுபர்ணோவே நடித்தார்.

அவர் உடலை நந்தன் வளாகத்தில் வைத்திருந்தபோது கூட்டம் தாங்கவில்லை. சிரிட்டி மயானத்தில் அரசு மரியாதையோடு துப்பாக்கி முழங்கத் தகனம் நடந்தது. மே மாதம் அவருக்கு மரியாதை செய்தார்கள். டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்தது. அதற்கு முன் டெல்லி உயர் நீதிமன்றம் அப்பிரிவின் பல்லைப் பிடுங்கிய தேதி 2009 ஜூலை 2. நட்பு நடைக்குப் பத்து வருடம், ஒரு நாள் கூடக் குறைவில்லை, யாரும் திட்டமிட்டதல்ல. கடைசியாக 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றமே தன் தவறைத் திருத்திக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. (ஆண்கள், திருநர்கள் மீதான பலாத்காரத்தைத் தண்டிக்க இருந்த ஒரே பிரிவும் அதோடு போய்விட்டது என்பது தனிக் கதை.)

எல்லோருக்கும் துப்பாக்கி முழங்காது. 2011 பிப்ரவரி 21ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள நந்திகிராமில், ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு இளம் பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கட்டாயக் கல்யாணம் ஆகியிருந்தது. உடல்களைக் கேட்டு எந்த வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. உறவு இருந்தும் கேட்பாரற்ற பிணங்களாக அவை போய்ச் சேர்ந்தன. தாய்மொழிக்காக டாக்காவில் இறந்தவர்களை வங்காளம் முழுக்க நினைவுகூரும் நாள் அது. அன்றுதான் இவர்களுக்கு அழ ஆளில்லை. சாஃபோ அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஊருக்குப் போய் விசாரித்தார்கள். தேபலீனா 2013இல் எடுத்த ஆவணப் படத்துக்கு ‘ஏபங் பேவாரிஷ்’ என்று பெயர். ‘மற்றும் வாரிசற்ற’ என்று தமிழாக்கினால், முன்னால் என்ன இருந்தது என்று வாசகர் கேட்பார். அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் போலும்.

சொற்களைப் பற்றிப் பேசும்போது நைஹாட்டியில் வளர்ந்த மானபி பந்த்யோபாத்யாயை விட்டுவிட முடியாது. 1995இல் அவர் நடத்திய, வங்காளத்தின் முதல் திருநர் பத்திரிகைக்கு ‘அபமானப்’ என்று பெயர். மனிதருக்குக் கீழானவர் என்று அர்த்தம். ஊர் என்ன நினைக்கிறதோ அதையே அட்டையில் போட்டுவிட்டார். பிறகு தனக்கு வைத்துக்கொண்ட ‘மானபி’ என்ற பெயருக்கு மனுஷி என்று பொருள். 2015 ஜூனில் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியில் முதல்வராகப் பொறுப்பேற்றபோது நாடே செய்தி போட்டது. 2016 டிசம்பரில், ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை என்று அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததற்கு அவ்வளவு பெரிய எழுத்து கிடைக்கவில்லை. தமிழிலும் இந்த அவஸ்தை உண்டு. சினிமாவில் கைதட்டல் வாங்கிய வசைச் சொல்லிலிருந்து ‘அரவாணி’க்கும், அங்கிருந்து ‘திருநங்கை’க்கும் வர நமக்கு எத்தனை வருடம் ஆயிற்று! 2022இல் தமிழக அரசு இந்தச் சொற்களுக்கெல்லாம் அரசிதழில் பட்டியலே வெளியிட வேண்டியிருந்தது. அதுவும் சென்னை உயர் நீதிமன்றம் விடாமல் கேட்ட பிறகு.

பதினைந்து பேர் நடந்த ஊரில் இப்போது டிசம்பர் குளிரில் ஊர்வலம் போகிறது. எண்ணிக்கை ஆயிரங்களில். தாரை, டோல், வானவில் கொடி, தோள் மேல் குழந்தை, பக்கத்திலேயே மகனோடு நடக்கும் அம்மா. முகமூடி போட்டவர்கள் குறைந்துவிட்டார்கள், முற்றிலும் மறையவில்லை. திருமண உரிமையை 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதனால் வரும் சிக்கல் பந்தலிலும் பத்திரிகையிலும் இல்லை, ஆஸ்பத்திரிப் படிவத்தில்தான் இருக்கிறது: கையெழுத்துப் போட யார்? உடலை வாங்கிக்கொள்ள யார்? 2024 பிப்ரவரியில் கேரளத்தில் ஓர் இளைஞர், இறந்துபோன துணைவரின் உடலுக்காக உயர் நீதிமன்றப் படியேறினார்.

அந்த வருடம் ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. துணைவரின் உடலை மற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அது, நெருங்கிய உறவினர்கள் இல்லாத பட்சத்தில். நந்திகிராமில் உறவினர்கள் இருந்தார்கள்.